பையைத் தூக்கிப் பாருங்கள்

மே மாத நடுவில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மரக்கன்று நர்சரிக்குப் போயிருந்தேன். காலை ஆறு மணி. தண்ணீர் விட வந்த அக்கா குழாயைக் கையில் எடுக்கவே இல்லை. பாத்தி ஓரமாக நடந்தபடி, வரிசைக்கு இரண்டு மூன்று பைகளைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார்.

"என்னக்கா பாக்குறீங்க?"

"கனம் பாக்குறேன் தம்பி. மேமண்ணு ஈரமாத்தான் இருக்கும். அத நம்பக்கூடாது."

ஏன் நம்பக்கூடாது என்பதை, செத்துப்போன ஒரு புங்கன் கன்றின் பையைக் கிழித்தே காட்டினார். மேலே இரண்டு விரற்கடை ஈரம். அதற்குக் கீழே செங்கல் மாதிரி கட்டிமண். களி கலந்த மண் காயும்போது சுருங்கும். சுருங்கிய மண்ணுக்கும் பைக்கும் நடுவே நூலளவு சந்து விழும். அதன்பிறகு ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்தச் சந்தில் வழிந்து அடித்துளை வழியே ஓடிவிடும். ஊற்றியவருக்குத் திருப்தி, வேருக்குப் பட்டினி. இப்படிக் காய்ந்த பையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும்வரை வைத்தால்தான் நடுமண் நனையும்.

இத்தனை பாடுபட்டுக் கோடையில் எதற்குக் கன்று வளர்க்க வேண்டும், மழை விழுந்ததும் தொடங்கினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது. நடுவதற்கு அதுதான் காலம். அப்போது திடமான கன்று கையில் இருக்க வேண்டுமென்றால் வேலை பல மாதம் முன்னதாகவே தொடங்கியிருக்க வேண்டும். விதையும் நமக்காகக் காத்திருப்பதில்லை. புங்கன் நெற்று கோடையில் முதிர்கிறது. வேம்பும் நாவலும் இலுப்பையும் ஆனி, ஆடி வாக்கில் பழுத்து உதிர்கின்றன. இவற்றை நெல் மாதிரி குதிரில் போட்டு வைக்க முடியாது. வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களில் சரிந்துவிடும். நாவல் கொட்டை நன்றாகக் காய்ந்தாலே போச்சு. (நாவலில் ஒரு லாபமும் உண்டு. ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். பக்குவமாகப் பிரித்து வைத்தால் தனித்தனிக் கன்று.) ஆக, கிணறு வற்றுகிற மாதங்களில்தான் நர்சரிக்குப் பிள்ளைப்பேறு.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. மரம் நடுவிழாப் படங்கள் நாளிதழில் வரும். அந்தக் கன்றுக்கு வைகாசியில் தண்ணீர் விட்ட கை எந்தப் படத்திலும் இருக்காது.

வெயில் பட்டதன் அடையாளம் இலையில் தெரியும், ஆனால் அடி விழுவது வேரில். கறுப்பு பாலித்தீன் பை சூட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும். பாத்தியின் நடுவிலிருக்கும் பைகளுக்கு ஒன்றுக்கொன்று நிழல். மேற்கு ஓரத்து வரிசைக்கு அது கிடையாது. பிற்பகல் வெயில் பக்கவாட்டில் அடித்து, பையை ஒட்டியிருக்கும் வேர்நுனிகளை அவித்துவிடும். அதனால் ஓர வரிசைக்கு மண் அணைக்கிறார்கள், அல்லது தேங்காய் மட்டை அடுக்குகிறார்கள். வறண்ட ஊர்களில் பாத்தியையே ஒரு சாண் தோண்டிப் பைகளை உள்ளே இறக்கிவிடுவதும் உண்டு. மழைக்காலத்து மேட்டுப்பாத்திக்கு நேர் எதிரான வேலை இது. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதைக் கன்றில் விடாமல் வாளியில் பிடித்து ஆறவைக்க வேண்டும். நிழல்வலையைப் பொறுத்தவரை பாதி வெயிலை மறைத்தால் போதும். பாசத்தில் இரண்டடுக்குப் போட்டால், கன்று வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீளுமே தவிர தண்டு திரளாது.

கத்திரி முடிந்தால் கவலை தீர்ந்ததா என்றால், அடுத்து ஆடிக் காற்று. என் கணக்கில் வெயிலைவிட இதுதான் பொல்லாதது. இலையிலிருந்து வெளியேறும் நீராவி இலையை ஒட்டி மெல்லிய ஈரப் படலமாக நிற்கும். காற்றில்லாத நாளில் அந்தப் படலமே மேற்கொண்டு ஈரம் போவதைக் கொஞ்சம் தடுக்கும். ஆடிக் காற்று அதைத் துடைத்துக்கொண்டே இருப்பதால், மேகமூட்டமான நாளில்கூடக் கன்று வாடி நிற்கும். காற்று வரும் பக்கம் சோளத்தட்டைப் படலோ, நெருக்கமாக விதைத்த அகத்தி வரிசையோ இருந்தால் தண்ணீர்ச் செலவு கண்கூடாகக் குறைகிறது.

ஈரத்தைப் பிடித்து வைக்க இன்று பலரும் நம்பியிருப்பது தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சி வட்டாரத்துக் கயிறு ஆலைகளில் குவிகிற அதே பழுப்புத் தூள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைத் தாங்கும். ஆனால் பச்சையாகக் கலந்தால் கன்று மஞ்சளடிக்கும். காரணம், அதில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 112:1. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ள, கன்றுக்கு மிஞ்சுவதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழி, தின்ன வேண்டியதை முன்கூட்டியே தின்னவைத்துவிடுவது. 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து. அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காயாமல் ஒரு மாதம் வைத்தால் தூள் கறுத்து, விகிதம் 24:1 அளவுக்கு இறங்கிவிடும். பிறகு செம்மண், தொழு உரத்தோடு கலக்கலாம்.

கோடையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறும். பைமண்ணின் மேல் வெள்ளைப் பூச்சு, இலை நுனியில் கருகல் என்று அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பவர்களிடம் இந்தத் தொல்லை அதிகம். தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். வாரத்தில் ஒருநாள் அடித்துளையில் வழியும்வரை விட்டு உப்பைக் கழுவி இறக்க வேண்டும். அதற்குச் சேமித்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் உறுத்துவது பைதான். நடும்போது கிழித்து அங்கேயே போட்டுவிட்டு வருகிறோம். நாளான கன்றின் வேரும் பைக்குள் வட்டமடிக்கும், மண்ணில் நட்ட பிறகும் அந்தச் சுருள் தானாகப் பிரியாது. ரூட் டிரெய்னர் என்கிற குழல்களின் உட்சுவரில் நெடுக்கு வரிகள் இருக்கின்றன. அவை வேரைச் சுற்றவிடாமல் கீழே செலுத்தும். தாங்கியில் தொங்குவதால், அடியில் காற்றைத் தொட்ட வேர்நுனி தானே காய்ந்து நின்று பக்கவேர் கிளைக்கும். பல ஆண்டு திரும்பப் பயன்படுத்தலாம். முதல் செலவு கூடுதல், மண் குறைவாகப் பிடிப்பதால் கோடையில் நீர்க்கவனமும் கூடுதல். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

புரட்டாசியில் கன்று வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரமான கன்றைக் கைகாட்டாதீர்கள், அடித்தண்டு பருமனானதைக் கேளுங்கள். பையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். துளை வழியே தடித்த வேர் வெளியே வந்திருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நட்டு முடித்ததும் பையைப் பொறுக்கி வாருங்கள்.