சிலந்தி வலையில் ஒரு வீடு

எங்கள் குசினிக்குப் பின்னால் நிற்கும் செவ்வரத்தைக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு சின்னஞ்சிறு பறவை வரும். விரல் நீள உடல், கீழ்நோக்கி வளைந்த மெல்லிய சொண்டு, ஒரு நிமிடமும் ஓயாத கீச்சுச் சத்தம். தம்பி அதற்கு “ஹம்மிங் பறவை” என்று பெயர் வைத்தான். தொலைபேசியில் பார்த்த காணொளியில் வந்த பெயர் அது. நானும் நம்பிவிட்டேன்.

அந்தக் காணொளியில் அமெரிக்காவில் ஒரு வீட்டு முற்றம். சிவப்பு நிறப் போத்தலில் சீனித் தண்ணீரைத் தொங்க விட்டிருந்தார்கள். அதைச் சுற்றி ஐந்தாறு பறவைகள் அந்தரத்தில் நின்றபடியே குடித்தன. நானும் ஒரு பங்கு சீனிக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, ஒரு யோகட் கோப்பையைச் சிவப்பு றிபனால் சுற்றிச் செவ்வரத்தைக் கிளையில் கட்டினேன். மூன்று நாட்கள் காத்திருந்தேன். எறும்புகள்தான் வந்தன. “சீனி விற்கிற விலைக்கு எறும்புக்கு விருந்து வைக்கிறீங்களா மகள்?” என்று உம்மா கேட்டார்.

பறவை ஏன் வரவில்லை என்று தேடியபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. எங்கள் வளவில் மட்டுமல்ல, இலங்கையிலேயே ஹம்மிங் பறவை கிடையாது. அவை அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியவை. வடக்கே அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனை வரை 350க்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. உலகின் மிகச் சிறிய பறவையும் அவற்றில் ஒன்றே. கியூபாவில் வாழும் அதன் நிறை ஏறத்தாழ 2 கிராம்தான்.

எங்கள் செவ்வரத்தைக்கு வருவது தேன்சிட்டு. சிங்களத்தில் சூட்டிக்கா என்பார்கள். இரண்டும் தேன் குடிக்கின்றன, இரண்டும் வெயிலில் மினுங்குகின்றன, இரண்டுக்கும் நீண்ட சொண்டு உண்டு. ஆனாலும் இரண்டும் நெருங்கிய உறவினர்கள் அல்ல. ஹம்மிங் பறவைக்கு நெருங்கிய சொந்தம் உழவாரக் குருவி. தேன்சிட்டோ, காகமும் சிட்டுக்குருவியும் அடங்கிய பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. வெவ்வேறு வழியில் வந்த உயிரினங்கள் ஒரே வகையான உணவைத் தேடி வாழும்போது தோற்றத்திலும் ஒத்துப்போவதை உயிரியலில் ஒருங்கு கூர்ப்பு என்று படிக்கிறோம். பாடப்புத்தகத்தில் மனனம் செய்த அந்தச் சொல் எங்கள் குசினி ஜன்னலுக்கு வெளியே பறந்து திரிந்திருக்கிறது.

இரண்டையும் வேறுபடுத்துவது கடினமல்ல. ஹம்மிங் பறவையின் தோள் மூட்டு விசேடமானது. சிறகை மேலே தூக்கும்போதும் கீழே அடிக்கும்போதும் அதனால் உந்தல் பெற முடியும். அதனால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும், பின்னோக்கியும் பறக்கும். சில இனங்கள் செக்கனுக்கு 50 தடவை அளவில் சிறகடிக்கின்றன. ஆனால் கால்கள் பலவீனமானவை, நடக்க வராது. தேன்சிட்டு இதற்கு மறுதலை. அதன் கால்கள் உறுதியானவை. கிளையைப் பற்றிக்கொண்டு, தேவையானால் தலைகீழாகத் தொங்கியும் தேன் குடிக்கும். அந்தரத்தில் நிற்கத் தெரிந்தாலும் சில கணங்களுக்குத்தான். பூவின் வாய்க்குள் சொண்டு எட்டாவிட்டால், அடியில் துளையிட்டுத் தேனை எடுத்துவிடும். காலையில் விழுந்து கிடக்கும் செவ்வரத்தைப் பூக்களின் அடிப்பாகத்தைப் பாருங்கள். திருடன் வந்துபோன அடையாளம் சிலவேளை இருக்கும்.

எங்கள் வளவுக்கு வருவது 10 சென்ரிமீற்றருக்கும் குறைந்த நீளமுள்ள ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. ஆணுக்குத் தொண்டையும் பிட்டமும் ஊதா, உச்சந்தலை பச்சை, வயிறு மஞ்சள். பெண்ணுக்குத் தொண்டை வெளிறிய சாம்பல், வயிறு மஞ்சள். 1766ஆம் ஆண்டு லின்னேயஸ் இதற்கு வைத்த விஞ்ஞானப் பெயரிலேயே சிலோன் என்ற எம் நாட்டின் பெயர் இருக்கிறது. இன்னொரு தேன்சிட்டு இனம், 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. எம் நாட்டுப் பெயரையே சுமக்கும் பறவைக்கு நான் வேறொரு கண்டத்துப் பறவையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயரைச் சரியாக அறிந்ததோடு நான் எல்லாவற்றையும் அறிந்துவிட்டதாக நினைத்தேன். அது தவறு என்பதை நோன்புக்கு வீடு துப்புரவாக்கிய நாள் காட்டியது.

பின்கதவுக்கு மேலே, பாவிக்காத மின்குமிழ் வயர் ஒன்று தொங்குகிறது. அதன் நுனியில் குப்பை சேர்ந்திருந்தது. காய்ந்த சருகு, மரப்பட்டைத் துண்டு, தூசி, சிலந்தி வலை. தும்புத்தடியால் ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டேன். சற்று நேரத்தில் பெண் தேன்சிட்டு சொண்டில் வெள்ளை நூல் போன்ற ஒன்றோடு வந்தது. வெறும் வயரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பிறகு உடுப்புக் கொடியில் போய் இருந்தது. அந்த நூல் சொண்டிலேயே இருந்தது.

நான் குப்பை என்று நினைத்தது பாதி கட்டிய கூடு. தேன்சிட்டின் கூடு தொங்கும் பை போன்றது. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் மழை விழாமல் சிறு தாழ்வாரம். சருகையும் நாரையும் ஒட்டிப் பிடிப்பது சிலந்தி வலை. வெளியே குப்பைபோல் தெரிவதுதான் அதன் பாதுகாப்பு. நானோ முழு வீட்டிலும் சிலந்தி வலைகளைத் தட்டி முடித்திருந்தேன். விறகுக் கொட்டிலை மட்டும் நாளைக்கு என்று விட்டிருந்தேன்.

விறகுக் கொட்டிலை நான் தொடவே இல்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பறவை அதன் மூலையிலிருந்து வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தது. அதே வயரில் மீண்டும் கட்டத் தொடங்கியது. கட்டியது முழுவதும் பெண்தான். ஆண் பக்கத்தில் இருந்து பாடிக்கொண்டிருந்தது. “நல்லாப் பாருங்க, வாப்பாவும் இப்படித்தான்” என்றார் உம்மா.

மூன்றாம் நோன்பிலிருந்து பெண் பறவை கூட்டுக்குள்ளேயே நெடுநேரம் இருந்தது. பெருநாளைக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வாப்பா முடிவுசெய்திருந்தார். கூட்டைக் கவனமாகக் கழற்றி மரத்தில் கட்டலாம் என்றார் சின்ன மாமா. இடம் மாறிய கூட்டைத் தாய் கைவிட்டுவிடக்கூடும் என்று நான் சொன்னேன். பிறகு, கேட்கக் கூச்சமாக இருந்தாலும், முதல் கூட்டை உடைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். குஞ்சுகளை இழந்து தவித்த ஒரு பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களைப் பணித்த செய்தியை உம்மம்மா நினைவுபடுத்தினார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பின்சுவரைத் தவிர மற்றச் சுவர்களுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கப்பட்டது.

பதினெட்டாம் நோன்பிலிருந்து ஆணும் பெண்ணும் மாறி மாறி வந்தன. சொண்டில் தேன் இல்லை. சிறு பூச்சிகளும் சிலந்திகளும். குஞ்சுகள் வளரத் தேன் போதாது, புரதம் வேண்டும். செவ்வரத்தையில் வெள்ளைப் பூச்சி பிடித்திருக்கிறது, மருந்தடிக்க வேண்டும் என்று உம்மா சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றோடு விட்டுவிட்டார்.

பெருநாள் அன்று வந்த விருந்தினர் எல்லோரும் பழைய நிறத்திலிருந்த பின்சுவரைப் பற்றிக் கேட்டார்கள். தம்பி ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்று, பத்தடி தூரத்தில் நிறுத்தி, கூட்டைக் காட்டினான். பெருநாளோடு ஐந்தாம் நாள் காலையில் இரண்டு குஞ்சுகள் வெளியே வந்து உடுப்புக் கொடியில் இருந்தன. நான் ஆறு நோன்பில் இருந்தேன். உம்மா அன்று உடுப்புக் காயப்போடவில்லை.

முற்றத்துக்குப் பறவைகளை அழைக்க என்ன வாங்கி வைக்கலாம் என்று முன்பு யோசித்தேன். இப்போது எதை அகற்றாமல் விடலாம் என்று யோசிக்கிறேன். ஒரு செவ்வரத்தை, பூவோடு ஒரு வாழை, மருந்தடிக்காத ஒரு மூலை, துப்புரவு செய்யாத ஒரு விறகுக் கொட்டில். கூடு கண்டால் தள்ளி நின்று பார்ப்பது. தேன்சிட்டுக்கு இவ்வளவும் போதும்.

பின்சுவருக்குப் பிறகு பெயின்ட் அடித்தோம். வயரை வாப்பா கழற்றவில்லை.