நாரி நோவுக்குப் படுக்கைதான் மருந்தா?

வன்னி மண்ணில் குனிந்து நிமிராமல் பிழைப்பு ஏது? வயலில் களை பிடுங்குகிறோம். தோட்டத்தில் கச்சான் பிடுங்குகிறோம். உர மூடை தூக்குகிறோம். நம் தாய்மாரும் சகோதரிகளும் கிணற்றில் வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளுகிறார்கள். நாரி பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போயிற்று. "அசையாமல் படுத்துக் கிட" என்பார்கள் வீட்டார். நாட்கள் வாரங்களாகும், கடன் ஏறும், நோவு இறங்காது.

அன்பார்ந்த வாசகர்களே! பல வேளைகளில் அந்தப் படுக்கைதான் நோவை நீட்டிவிடுகிறது. அசைவில்லாத தசைகள் தளர்கின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, குனியவே பயம் வந்துவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இந்நோவு இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வேறு நோயொன்று காரணமாக இல்லாமல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நாரி நோவுக்கு உடற்பயிற்சியையும், நோவைப் பற்றிய விளக்கத்தையும் அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டியையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடியுங்கள். ஒரு காலை மெல்ல நெஞ்சுப்பக்கம் இழுத்து, சற்றுப் பொறுத்து விடுங்கள். பிறகு மற்றக் கால். அடுத்து, பாதங்களைத் தரையில் ஊன்றி இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்குங்கள். தாங்கக்கூடிய அளவில் தினமும் நடவுங்கள். பயிற்சியின்போது நோவு காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள். பாரம் தூக்கும்போது முழங்காலை மடித்து, சுமையை உடலோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கவோ குனியவோ முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. உடலை வருத்தி நோயைக் கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

தாமதிக்காதீர்கள்!

சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் அடைத்தல், தொடை இடுக்கில் மரத்தல், கால் வலுவிழத்தல், காய்ச்சலுடன் நோவு, விழுந்தபின் கடும் நோவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். யுத்தத்தில் பாய்ந்த ஷெல் துண்டு உடலில் இருப்பவர்கள், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உண்டு. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். எண்ணெய்க்கும் பட்டிக்கும் காசைக் கரைக்குமுன், "எனக்குப் பிசியோதெரபி உதவுமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். குடும்பத்தைத் தாங்கும் நாரி அது; அதைப் படுக்கையில் போட்டு வைக்காதீர்கள்!