ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம்

ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் என்பது 1870 முதல் 1911 வரை ஐக்கிய அமெரிக்காவின் எண்ணெய்த் தொழிலில் ஆதிக்கம் செலுத்திய வணிக நிறுவனமாகும். ஜான் டி. ராக்பெல்லர் தலைமையில் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், பத்தே ஆண்டுகளில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்காவில் பெருவணிகம் வளர்ந்த விதத்திற்கும், அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த எழுந்த முயற்சிக்கும் இதன் வரலாறு முதன்மையான எடுத்துக்காட்டாக உள்ளது.

பின்னணி

1859 ஆகத்து 27 அன்று பென்சில்வேனியாவின் டைட்டசுவில் அருகே எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில், சுமார் 69 அடி ஆழத்தில் எண்ணெய் கிடைத்தது. அக்காலத்தில் எண்ணெயின் முதன்மைப் பயன் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய் ஆகும். திமிங்கலக் கொழுப்பெண்ணெயை விட இது மலிவாக இருந்ததால் பலரும் கிணறு தோண்ட இறங்கினர். உற்பத்தி மிகுந்தபோது விலை சரிந்தது, குறைந்தபோது ஏறியது. கிணறு தோண்டுவதை விடச் சுத்திகரிப்பதே நிலையான தொழில் எனக் கருதிய ராக்பெல்லர், 1863இல் கிளீவ்லாந்தில் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் முதலீடு செய்தார். 1870இல் அவரும், அவருடைய தம்பி வில்லியம், ஹென்றி பிளாக்லர், சாமுவேல் ஆண்ட்ரூசு உள்ளிட்டோரும் 10 இலட்சம் டாலர் மூலதனத்துடன் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை நிறுவினர்.

வளர்ச்சி

நிறுவனத்தின் வளர்ச்சிக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது சிக்கனம். பீப்பாய்களை விலைக்கு வாங்காமல் தானே செய்துகொண்டது. கழிவாகக் கொட்டப்பட்ட துணைப்பொருட்களை மசகெண்ணெய், மெழுகு போன்றவையாக மாற்றி விற்றது.

இரண்டாவது தொடருந்து நிறுவனங்களுடன் செய்துகொண்ட மறைமுக உடன்படிக்கைகள். நாள்தோறும் பெருமளவு சரக்கு தருவதாக உறுதியளித்து, அதற்கு ஈடாகக் கட்டணத்தில் தள்ளுபடி பெற்றது. 1872இல் உருவான சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி திட்டம் இதற்கும் ஒரு படி மேலே சென்றது. அதன்படி, போட்டியாளர்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு திட்டத்தில் சேர்ந்த ஆலைகளுக்கு வந்து சேரும். செய்தி வெளியானதும் எண்ணெய் வயல்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. உற்பத்தியாளர்கள் எண்ணெய் விற்க மறுத்தனர். பென்சில்வேனியா சட்டமன்றம் அந்நிறுவனத்தின் உரிமத்தை நீக்கியது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. எனினும் அச்சுறுத்தலே போதுமானதாக இருந்தது. சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்தில் இருந்த 26 போட்டி ஆலைகளில் 22 ஸ்டாண்டர்டு வசமாயின. ஆலைகளை விற்றவர்களுக்குப் பணமோ நிறுவனப் பங்குகளோ தரப்பட்டன. பணம் பெற்றவர்கள் பலர் அடிமாட்டு விலைக்கு விற்க நேர்ந்ததாகக் குறைகூறினர். பங்குகளைப் பெற்று வைத்திருந்தவர்கள் பின்னாளில் செல்வந்தர்கள் ஆயினர்.

தொடருந்தைத் தவிர்க்க எண்ணி, சுயேச்சை உற்பத்தியாளர்கள் 1879இல் அலெகெனி மலைகளைக் கடந்து டைட்வாட்டர் குழாய்வழியை அமைத்தனர். ஸ்டாண்டர்ட் தானும் குழாய்வழிகளை அமைத்ததுடன், டைட்வாட்டரின் பங்குகளையும் வாங்கி, 1883இல் அதனுடன் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டது.

டிரஸ்ட் அமைப்பு

ஒரு மாநில நிறுவனம் பிற மாநில நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்க ஒகையோ சட்டம் இடமளிக்கவில்லை. இதைக் கடக்க 1882இல் டிரஸ்ட் என்னும் முறை கையாளப்பட்டது. சுமார் 40 நிறுவனங்களின் பங்குதாரர்கள் தம் பங்குகளை ஒன்பது பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்துச் சான்றிதழ்களைப் பெற்றனர். பெயரளவில் நிறுவனங்கள் தனித்தனியே இருந்தாலும் முடிவெடுக்கும் உரிமை ஓரிடத்தில் குவிந்தது. சர்க்கரை, சாராயம் போன்ற தொழில்களும் இம்முறையைப் பின்பற்றின.

எதிர்ப்பும் வழக்கும்

வணிகத்தைக் கட்டுப்படுத்தும் கூட்டுகளைத் தடைசெய்யும் செர்மன் சட்டம் 1890இல் இயற்றப்பட்டது. 1892இல் ஒகையோ உச்ச நீதிமன்றம், மாநிலத்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனம் டிரஸ்டிலிருந்து விலக வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆனால் நியூ செர்சி மாநிலச் சட்டம் பிற நிறுவனப் பங்குகளை வைத்திருக்க அனுமதித்ததால், 1899இல் முழு அமைப்பும் நியூ செர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலின் கீழ் வந்தது.

1902 முதல் 1904 வரை மெக்ளூர்ஸ் இதழில் ஐடா டார்பெல் எழுதிய தொடர், நீதிமன்ற ஆவணங்களையும் நேர்காணல்களையும் கொண்டு நிறுவனத்தின் செயல்முறைகளை விளக்கியது. இவருடைய தந்தையும் பென்சில்வேனியா எண்ணெய்த் தொழிலில் ஸ்டாண்டர்டால் பாதிக்கப்பட்டவர் ஆவார். 1906இல் கூட்டரசு வழக்குத் தொடுத்தது. 1911 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்கும் ஆணையை உறுதிசெய்தது. அது 34 நிறுவனங்களாகப் பிரிந்தது. நியாயமற்ற வணிகக் கட்டுப்பாடு மட்டுமே குற்றம் என்னும் அளவுகோலையும் இத்தீர்ப்பு வகுத்தது.

மதிப்பீடும் தாக்கமும்

ஸ்டாண்டர்டின் காலத்தில் மண்ணெண்ணெய் விலை பெரிதும் குறைந்து, ஏழை வீடுகளிலும் இரவில் விளக்கெரிந்தது என்பர் ஆதரவாளர். கிணறுகள் பெருகியதும் நுட்பம் வளர்ந்ததும் விலைக்குறைவுக்குக் காரணங்கள் என்றும், போட்டியாளர்கள் திறமையின்மையால் மட்டும் அழியவில்லை என்றும் எதிர்ப்போர் கூறுவர். 1901இல் டெக்சாசில் பெரும் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டபின் புதிய போட்டியாளர்கள் தோன்றியதால், தீர்ப்புக்கு முன்பே அதன் சந்தைப் பங்கு சரியத் தொடங்கியிருந்தது.

பிரிக்கப்பட்ட நிறுவனங்களின் பங்கு விலை உயர்ந்ததால் ராக்பெல்லரின் செல்வம் மேலும் பெருகியது. எக்சான், மொபில், செவ்ரான் ஆகியவை இவற்றின் வழிவந்தவை. முதலிரண்டும் 1999இல் மீண்டும் இணைந்தன. இதே மரபில் வந்த எஸ்ஸோவின் இந்திய வணிகம் 1974இல் நாட்டுடைமையாக்கப்பட்டு இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது.