கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடலோர ஊர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடலோர ஊர்கள் என்பவை சென்னைக்குத் தெற்கே புதுச்சேரி வரை, வங்காள விரிகுடாவை ஒட்டி அமைந்துள்ள பழைய துறைமுகங்களும் மீனவர் ஊர்களும் ஆகும். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணம், புதுச்சேரி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. சென்னையிலிருந்து புதுச்சேரி வரை ஏறத்தாழ 150 கி.மீ. நீளும் இக்கரை சோழமண்டலக் கடற்கரையின் ஒரு பகுதியாகும். பிரான்சின் தென்கரையான 'கோத் தசூர்' எனப்படும் நீலக்கரையைப் போல, பெருநகரத்தாரின் விடுமுறைக் கரையாக இது மாறி வருகிறது.

சாலையும் அணுகலும்

இக்கரை நெடுகச் செல்லும் தொடர்வண்டிப் பாதை இல்லை. மீனவர் ஊர்களை இணைத்த சிறு சாலைகள் 1990களில் அகலப்படுத்தப்பட்டு ஒரே சாலையாக்கப்பட்டன. 2002 முதல் சுங்கக் கட்டணம் வாங்கப்படுகிறது. பிரான்சின் நீசு நகருக்கு 1864இல் தொடர்வண்டி வந்த பிறகே அங்குச் சுற்றுலா பெருகியது. அங்கே தண்டவாளம் செய்த வேலையை இங்கே தார்ச்சாலை செய்தது எனலாம்.

தென்சென்னைப் புறநகரங்களுக்கு இக்கரை மிக அருகில் உள்ளது. ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் பகுதிகளில் வசிப்போர் நகரத்திற்குள் செல்லாமலேயே கடற்கரையை அடையலாம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

• வேளச்சேரி - தாம்பரம் சாலையில் மேடவாக்கம் சென்று, அங்கிருந்து சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை என்னும் இடத்தில் கடற்கரைச் சாலையில் ஏறுவது.
• தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தை அடைவது. இவ்வழியில் மாமல்லபுரம் வரை மாநகரப் பேருந்துகள் செல்கின்றன.

மத்தியதரைக் கடலுடனான தொடர்பு

இக்கரைக்கும் மத்தியதரைக் கடலுக்கும் உள்ள உறவு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடல் பயணம்' என்னும் கிரேக்க நூல், இக்கரையின் துறைமுகங்களாகப் பொதுகே, சோபட்மா ஆகிய பெயர்களைக் குறிப்பிடுகிறது. பொதுகே என்பது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் வகை மட்கலங்களும், திராட்சை மது கொண்டுவரப்பட்ட இருபிடிச் சாடிகளின் உடைசல்களும் அங்குக் கிடைத்தன. இவ்வூர் மணிகளுக்கும் பெயர் பெற்றது. இன்று மக்கள் படம் பார்த்து வியக்கும் அந்தக் கரையிலிருந்து, அன்று வணிகர் இக்கரையைத் தேடி வந்தனர் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

முதன்மையான ஊர்கள்

முட்டுக்காடு: கடல்நீர் உள்வாங்கிப் பரந்து நிற்கும் காயல் இங்குள்ளது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இதில் இயங்குகிறது. அருகிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகம் 1996இல் திறக்கப்பட்டது. தென்மாநிலங்களின் பழைய வீடுகள் அங்கங்கே பிரிக்கப்பட்டு, இங்குக் கொண்டுவந்து மீண்டும் கட்டப்பட்டுள்ளன.

கோவளம்: ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் துறைமுகமாக விளங்கியது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இதன் கோட்டையை 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். மாதா கோயிலும் தர்காவும் மீனவர் குடியிருப்பும் அடுத்தடுத்து உள்ளன. அண்மைக் காலத்தில் இவ்வூர் இளைஞர்கள் அலைச்சறுக்கில் பெயர் பெற்றுள்ளனர். 2021இல் இக்கடற்கரைக்குத் தூய்மை, பாதுகாப்பு ஆகியவற்றிற்கான நீலக்கொடிச் சான்று கிடைத்தது.

மாமல்லபுரம்: பல்லவர் துறைமுகமான இவ்வூரின் சின்னங்கள் 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. கடற்கரைக் கோயில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தது. 2004 திசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபோது, அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்த அகழாய்வில் பழமையான முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் கண்டறியப்பட்டது. இங்கு உளிச் சத்தம் இன்றும் ஓயவில்லை. அரசு சிற்பக் கல்லூரி 1957 முதல் செயல்படுகிறது.

சதுரங்கப்பட்டினம்: கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டியுள்ள இவ்வூரை ஐரோப்பியர் 'சத்ராஸ்' என அழைத்தனர். இங்கு நெய்யப்பட்ட மெல்லிய பருத்தித் துணிக்காக டச்சுக்காரர் வந்து கோட்டை கட்டினர். கோட்டைக்குள் பூவேலைப்பாடு செதுக்கிய டச்சுக் கல்லறைகள் உள்ளன. 1782 பிப்ரவரியில் இவ்வூருக்கு அப்பால் கடலில் ஆங்கிலேயக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. மாமல்லபுரத்திற்கு வருவோரில் மிகச் சிலரே இங்கு வருவதால் அமைதியாகப் பார்க்கலாம்.

ஆலம்பரை: கடப்பாக்கம் அருகே, காயலும் கடலும் சேரும் இடத்தில் உள்ள இடிந்த கோட்டை. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு வழங்கப்பட்டது. 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். எஞ்சிய சுவர்களின் ஒரு பகுதி ஆழிப்பேரலையில் சேதமடைந்தது.

மரக்காணம்: பரந்த உப்பளங்கள் இவ்வூரின் அடையாளம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. சோழர் கால பூமீசுவரர் கோயில் இங்குள்ளது. சாலையோரத்தில் வெள்ளைக் குவியல்களைப் படம் எடுப்போர், வெயிலில் வெறுங்காலுடன் உப்பு வாருவோரின் உழைப்பையும் காணலாம்.

புதுச்சேரி: 1674 முதல் பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 அன்று நிறைவுற்றது. மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகள் அனுமதிக்கப்படாத கடற்கரைச் சாலை, நடப்போருக்கு உகந்தது. நீசு நகரில் 1820களில் ஆங்கிலேயர் அமைத்த கடலோர நடைபாதையோடு இதை ஒப்பிடுவர்.

கரை அரிப்பு

புதுச்சேரியின் கடற்கரைச் சாலைக்கு முன் ஒரு காலத்தில் அகன்ற மணற்பரப்பு இருந்தது. அது மறைந்து கருங்கல் குவியலாக மாறியதற்குக் காரணம் எளிதில் விளங்கக் கூடியதே.

இக்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் சோழகக் காற்றின் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்றின் அலைகள் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் வடக்கே செல்லும் மணலே அதிகம். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. சுவருக்குத் தெற்கே மணல் தங்கியது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் கரை கரைந்தது.

நகரத்தைக் காக்கக் கல் கொட்டப்பட்டதும், அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களைத் தாக்கியது. அங்குள்ள மீனவருக்கு மணற்பரப்பு பொழுதுபோக்கு இடம் அன்று. படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், மீன் காயவைக்கவும் உரிய தொழிற்களம் ஆகும். அண்மை ஆண்டுகளில் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்துப் புதுச்சேரி நகரின் முன் மணலைச் சேர்க்கும் முயற்சி நடந்து, ஓரளவு மணற்பரப்பு திரும்பியுள்ளது.

கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த இந்திய அரசு 1991இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. 2011, 2019 ஆண்டுகளில் அது மாற்றியமைக்கப்பட்டது.

பயணத்திற்கு ஏற்ற காலம்

சனவரி முதல் மார்ச்சு முற்பகுதி வரை வெயில் குறைவு. அக்டோபர் முதல் திசம்பர் வரை மழையும் புயலும் உண்டு. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை என்பதால் மீன் வரத்து குறைந்து விலை ஏறும்.

சனவரி முதல் மார்ச்சு வரை பங்குனி ஆமைகள் எனப்படும் சிற்றாமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பொன்று இம்முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகிறது. கரையோர விடுதிகளின் விளக்கொளி, குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். எனவே இரவில் கரையில் ஒளியைத் தவிர்ப்பது நல்லது.

கடலில் இறங்குவோர் கவனத்திற்கு

படங்களில் காணும் மத்தியதரைக் கடல், நிலத்தால் சூழப்பட்டது. கோடையில் பெரும்பாலும் அமைதியானது. வங்காள விரிகுடா அவ்வாறன்று. திறந்த கடலிலிருந்து அலைகள் நேரே வந்து கரையில் உடைகின்றன. அவ்வாறு கரையேறிய நீர், மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள குறுகிய பள்ளங்கள் வழியாக விரைந்து கடலுக்குத் திரும்பும். நீந்தத் தெரிந்தவரையும் இது இழுத்துச் சென்றுவிடும். அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் இந்தப் பள்ளம். விடுமுறைக்கு வரும் இளைஞர்கள் 'இங்கு அலை குறைவு' என்று நம்பி இறங்குவது இவ்விடத்தில்தான்.

• இழுவையில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடிக்கக் கூடாது. களைப்பே உயிரைப் பறிக்கிறது.
• மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சில மீட்டர்களில் இழுவையிலிருந்து விடுபடலாம். பின் அலையோடு கரை சேரலாம்.
• உதவிக்கு ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதால் ஒரே குடும்பத்தில் பலர் இறக்க நேரிடுகிறது. கயிறு, மூடிய காலிக் குடம், காற்றடித்த குழாய் போன்ற மிதக்கும் பொருளை வீச வேண்டும்.
• கடற்கரைக் கோயில் அருகிலும் அலைதடுப்புக் கற்கள் அருகிலும் இறங்கக் கூடாது.
• உள்ளூர் மீனவர் இறங்க வேண்டாம் என்றால் இறங்கக் கூடாது. அன்றன்றைய நீரோட்டம் அவர்களுக்கே தெரியும்.

முழங்காலளவு நீரில் நின்று, சூரியன் எழுவதைப் பார்த்துத் திரும்பினாலும் இக்கரைக்கு வந்த பயன் நிறைவாகக் கிட்டும்.