கோடைக்கானல் தெரிந்தது, கொக்காவில் தெரியவில்லை

கோப்பாயிலிருந்து கலாசாலை மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: "அந்த நாளில ரூபவாஹினியைவிட இந்தியாதான் வடிவாத் தெரிஞ்சது எண்டு அப்பம்மா சொல்லுறா. கடலுக்கு அங்கால இருக்கிறது எப்பிடித் தெரியும்?"

அப்பம்மா சொன்னது சரிதான். வடக்குக்கு ரூபவாஹினியை ஒளிபரப்பிய கொக்காவில் கோபுரம் 1990இல் போரில் அழிந்தது. 174 மீற்றர் உயரத்தில் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது 2011இல்தான். இடைப்பட்ட காலத்தில், ஜெனரேற்றர் இருந்த வீடுகளின் அன்ரனாக்கள் இந்தியாவைப் பார்த்து நின்றன. ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்புவார். யன்னலுக்குள்ளிருந்து "காணும், காணும், விடு!" என்று சத்தம் வரும். அந்த நேரம் பார்த்து ஒரு காகம் வந்து அன்ரனாவில் குந்தும்.

ரீவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமி வளையும் இடத்தில் அது விலகி மேலே போய்விடும். அதனால் வாட்டைவிட உயரமே முக்கியம். கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். வீட்டு அன்ரனாவின் உயரத்துக்கும் அப்படியே கணக்கிட்டுக் கூட்டவேண்டும். ராமேஸ்வரத்தின் 323 மீற்றர் கோபுரம் கோப்பாயை ஏறக்குறைய நேராகவே எட்டிவிடும். கோடைக்கானல் மலையின் ஒளிபரப்பி 2,100 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், கணக்குப்படி 200 கிலோமீற்றரோடு சரி. கோப்பாயோ 280 கிலோமீற்றருக்கு அப்பால்.

மிச்சத் தூரத்தைக் கடத்திவிட்டது பாக்கு நீரிணையின் காற்று. கடலை ஒட்டி ஈரமும் குளிர்ச்சியுமான ஒரு படை. அதன்மேல் தரையிலிருந்து வந்து படர்ந்த உலர்ந்த, சூடான படை. மேலே தப்பப் பார்க்கும் அலையை இந்த எல்லை கீழே வளைத்துவிடுகிறது. வெங்காயத் தோட்டத்து வாய்க்காலில் இரு வரம்புக்குள் தண்ணீர் ஓடுவதுபோல, அலையும் கடலுக்கும் சூட்டுக்காற்றுக்கும் இடையில் சிக்கி ஓடும். காற்று அசையாத வெக்கை இரவுகளில் படம் கண்ணாடிபோலத் தெரியும். மழையும் காற்றும் வந்து படைகளைக் கலக்கிவிட்டால், திரையில் வெறும் புள்ளிகள்தான்.

இவ்வளவு தூரத்துப் படத்துக்கு ஏங்கிய இடத்தில், பக்கத்துப் படம் எங்கே? 1980களின் நடுப்பகுதியில் விடுதலைப் புலிகளின் 'நிதர்சனம்' யாழ்ப்பாணத்திலிருந்தே ஒளிபரப்பாகியது. அது ஓர் இயக்கத்தின் குரல். ஊரின் குரலாக நடந்த நிலையத்துக்குக் குஜராத்துக்குத்தான் போகவேண்டும். கேடா மாவட்டத்துப் பீஜ் கிராமத்தில் 1975இல் தொடங்கிய 1 கிலோவாட் நிலையம், கூலிப் பிரச்சினையையும் சாதிக் கொடுமையையும் அந்த ஊராரை வைத்தே நாடகமாக்கியது. அந்த நிலையத்தை மையமாகக் கொண்ட கேடாத் திட்டத்துக்கு 1984இல் யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்த ஒளிபரப்பியைக் கழற்றி, சென்னையின் இரண்டாவது அலைவரிசைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பரிசு கொடுத்த கை ஒன்று, பிடுங்கிய கை இன்னொன்று. பட்டணத்துக்கு ஒரு சனல் போதாதாம், கிராமத்துக்கு ஒன்றே அதிகமாம்!

இன்று கேபிளில் சனல்களுக்குக் குறைவில்லை. ஆனால் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் என்ன விலை என்று பார்க்க ஒன்றைத் தேடிப் பாருங்கள். சீரியல்தான் அகப்படும். ஊர்ச் செய்திக்கு ஊரிலேயே ஒரு சிறு நிலையம் வேண்டும். யாழ்ப்பாணம்போலத் தட்டையான நிலம் அதற்குக் கிடைப்பது அரிது. தூரதர்ஷன் 1984இல் ஊரூராக நட்ட 100 வாட் பெட்டிபோல ஒன்றை, கோப்பாயில் 30 மீற்றர் கம்பத்தில் ஏற்றினால் பருத்தித்துறை, காரைநகர் இரண்டும் அதன் பார்வைக்குள் வந்துவிடும். நெடுந்தீவு 45 கிலோமீற்றர். அதற்கு மட்டும் இடையில், புங்குடுதீவில், வாங்கி அனுப்பும் சிறு பெட்டி ஒன்று வைக்கவேண்டும்.