பிடியின் அளவு

வங்கிக் கிளையில் காசாளர் நூறு தாள்கள் கொண்ட கட்டினைக் கையால் எண்ணும்போது சற்றே கவனியுங்கள். இடக்கை விரல்கள் கட்டினை வளைத்துப் பிடித்திருக்க, வலக்கைப் பெருவிரல் ஒவ்வொரு தாளாக விலக்கிச் செல்கிறது. இரண்டு தாள்கள் ஒட்டி வந்தால் தடிப்பின் வேறுபாட்டை உணர்ந்து அவ்விரல் நின்றுவிடுகிறது. எண்ணும் இயந்திரங்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் இந்த நுட்பம் வியப்பூட்டவே செய்கிறது.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. ஆனால் விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் எவையும் விரல்களுக்குள் இல்லை. அவற்றுள் வலிமை மிக்கவை முன்கையில் அமைந்து, நீண்ட தசைநாண்களின் வழியே, பொம்மலாட்டக் கயிறுகள்போல விரல்களை இழுக்கின்றன. இக்கயிறுகள் முற்றிலும் தனித்தனியானவை அல்ல. உள்ளங்கையை மேசைமீது கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலை உயர்த்திப் பாருங்கள். அது எழ மறுக்கும். சுட்டுவிரலுக்கும் சிறுவிரலுக்கும் தனி நீட்டுத்தசை உண்டு. மோதிர விரலோ பொதுத்தசையை நம்பியிருப்பது, அதன் தசைநாணும் அண்டை நாண்களோடு பிணைந்தது.

இதைக் குறை என்று கருத வேண்டியதில்லை. சாண்டெல்லோ, ஃபிளாண்டர்ஸ், சோக்டிங் ஆகிய மூவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 57 பொருள்களைப் பற்றுவதாகக் கற்பனை செய்து கையை வடிவமைக்குமாறு சிலரைக் கேட்டனர். 15 மூட்டுக் கோணங்கள் அளக்கப்பட்டன. அவ்வடிவங்களிடையே காணப்பட்ட வேறுபாட்டில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பகுதியை இரண்டே கூட்டசைவுகளின் சேர்க்கையால் விளக்க முடிந்தது. ஆகவே மூளை ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனி ஆணை அனுப்பிக்கொண்டிருக்கவில்லை எனக் கருத இடமுண்டு.

வடிவம் அமைந்தபின் எழுவது விசையின் கணக்கு. சுவீடனின் உமியோ நகரில் யோஹான்சன், வெஸ்ட்லிங் இருவரும் 1984இல் இதனை அளந்து காட்டினர். பட்டு, மெல்லிய தோல், உப்புத்தாள் ஆகியவற்றால் மூடிய பொருளைப் பங்கேற்றோர் தூக்கினர். வழுக்கும் பட்டுக்குப் பிடி கூடியது. சொரசொரப்பான உப்புத்தாளுக்குக் குறைந்தது. எப்பரப்பாயினும், நழுவாமலிருக்கத் தேவையான விசையைவிடச் சிறிதளவே மிகுதியாக விரல்கள் அழுத்தின. ஆதாயத்திற்கும் ஆபத்திற்கும் நடுவே கச்சிதமாக வைத்த இருப்புத்தொகை எனலாம்! பொருள் சற்றே நழுவினாலும், பத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில், நாம் அறியுமுன்னரே பிடி இறுகிவிடுகிறது.

இக்கணக்கை எழுதுவது விரல் நுனித் தோலின் தொடுவுணர்வே. நுனிகளை மரத்துப்போகச் செய்துவிட்டால், கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒரு தீக்குச்சியை எடுத்து உரசுவதே பெரும்பாடாகிவிடும். தசைகள் நன்றாகவே இருக்கும். ஆனால் குச்சி கைநழுவி விழும்.

இவ்வுண்மையின் கொடிய முகத்தைக் கண்டவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்த மருத்துவர் பால் பிராண்டு. துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க இயலாமல் அவர் திணறியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். அச்சிறுவனுக்கு அத்துணை வலிமையா என்று வியந்தவர், குருதி சொட்டுவதைக் கண்டார். சாவி விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. சிறுவனோ அதை அறியவில்லை. தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிப்போன விரல்களை மீண்டும் இயங்கச் செய்ய பிராண்டால் முடிந்தது. இழந்த உணர்வை மீட்க வழியிருக்கவில்லை. எனவே கருவிகளின் கைப்பிடிகளுக்கு மெத்தை போன்ற உறையிடவும், நாள்தோறும் கைகளைக் கண்ணால் சோதிக்கவும் நோயாளருக்குக் கற்பிக்கப்பட்டது.

தொழுநோய்க்கு இன்று முழுமையான மருந்துண்டு. ஆனால் உணர்வு மங்குவது அந்நோயால் மட்டும் வருவதன்று. நெடுநாள் நீரிழிவு பெரும்பாலும் பாதங்களில் தொடங்கிப் பின்னர் கைகளையும் மரத்துப்போகச் செய்யலாம். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டாலும் பெருவிரல் பக்கத்து விரல்கள் மரத்துப்போகும். வீட்டில் ஒருவர் கையிலிருந்து குவளை அடிக்கடி நழுவினால், அதைக் கவனக்குறைவு எனக் கடிந்துகொள்ளுமுன் அவருடைய விரல் நுனிகளை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.