வாக்குமூலம் எழுதுவோர்

நியாயஸ்தலம் என்ற மாத்திரத்தில் நியாயாதிபதியும் வக்கீல்களும் நம் நினைவில் எழுவர். ஓரத்தில் வாய் திறவாது அமர்ந்து, பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் பதிந்து வைக்கும் சுருக்கெழுத்தாளரை எண்ணுவோர் சிலரே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் அவர் வகிக்கும் ஸ்தானத்தைச் சிறிது ஆராய்வோம்.

அங்கே வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே சாட்சியிடம் பிரமாணத்தின்மேல் வாக்குமூலம் பெறும் முறை உண்டு. இது பெரும்பாலும் வக்கீலின் அலுவலகத்தில் நிகழும். நியாயாதிபதி அவ்விடத்து இரார். சாட்சிக்குப் பிரமாணம் செய்விப்பவரும், அவர் கூறுவதைப் பதிபவரும் சுருக்கெழுத்தாளரே. ஆதலின் அவர் கட்சிக்காரருக்கோ வக்கீலுக்கோ உறவினராகவோ ஊழியராகவோ இருத்தலாகாது. வழக்கின் முடிவினால் அவருக்குப் பண லாபம் இருத்தலும் ஆகாது. சாட்சி தலையை அசைத்தால் அதற்குப் பொருள் கற்பிப்பதும் அவர் வேலையன்று. வாயால் விடை கூறும்படி வக்கீலே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இத்தொழில் புரிவோர்க்கு மாகாண அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் இன்றியமையாதது. ஆங்கிலத்திலும் தொழில் முறையிலும் எழுத்துப் பரீட்சைகள் உள. அவற்றினும் கடினமானது வேகப் பரீட்சை. நால்வர் மாறி மாறி, நிமிஷத்திற்கு 200 சொல் வீதம் பேசுவதைப் பதிந்து, 97.5 சதவீதம் பிழையின்றித் தரல் வேண்டும். ஆயிரம் சொல்லுக்கு 25 பிழைக்கு மேல் பொறுக்கப்படாது. நூற்றுக்கு 35 பெற்றுத் தேறினோமென மகிழ்வோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக! கையால் எழுதி இவ்வேகத்தை எட்டுவது அரிது. ஆர்மோனியத்தின் கட்டைகளைப் பல விரலால் ஒருங்கே அழுத்துவது போல, சிறு பொறியொன்றின் விசைகளை அசைக்கு ஒருமுறையாக அழுத்திப் பதிகின்றனர். நியூயார்க் மாகாணத்திலோ இத்தகைய அனுமதிப் பத்திரம் கட்டாயமன்று. அது எமக்கு வியப்பையே தருகின்றது.

ஏனெனில், ஆங்கிலத்தில் ‘நாட்’ என்னும் சிறு சொல் ஒன்று விடுபடின், ‘கண்டிலேன்’ என்றது ‘கண்டேன்’ என மாறிவிடும். சாட்சி விசாரணைக்குமுன் இறந்துவிட்டாலும், நியாயஸ்தலத்திற்கு 150 மைலுக்கு அப்பால் வசித்தாலும், அவ்வாக்குமூலத்தையே நியாயஸ்தலத்தில் வாசிக்கலாம். இறந்தவர் எழுந்து வந்து திருத்துவாரா?

உயிரோடிருப்பவருக்குத் திருத்தும் உரிமை உண்டு. வாக்குமூலப் பிரதி ஆயத்தமென அறிவிப்பு வந்தபின் 30 நாளுக்குள் அவர் அதனை வாசித்து, விடைகளை மாற்றலாம், ஒப்பமிடலாம், மறுக்கவும் செய்யலாம். ஒன்றும் செய்யாது வாளாவிருப்பின், அவர் அதனை ஒப்புக்கொண்டதாகவே பொதுவாகக் கொள்ளப்படும்.